பிறவியா, பழக்கமா? மகன் சொன்ன பிறகு வீட்டின் முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பதால், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் என்னிடம் வரும். சமீப வருடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. மகனுக்கு 26, 27 வயது. ஓசூரில் கம்பெனி வேலை. பெண் பார்க்க ஆரம்பித்ததும், தனக்குப் பெண்கள்மேல் நாட்டமே வரவில்லை, ஆண்கள்மேல்தான் வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறான். அப்பாவோ தாய்மாமனோ கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து கேட்பார்: "அண்ணே, இது பொறப்புலயே வர்றதா, இல்ல இவனா புடிச்சுக்கிட்டதா?"

பிறவி என்றால் விட்டுவிடலாம், பழக்கம் என்றால் திருத்திவிடலாம் என்ற கணக்கு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கேட்கிறவர் கையில் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். வைத்தியம் பார்ப்பது, கல்யாணம் செய்துவைப்பது, வெளியூரிலேயே இருக்கட்டும் என்று பேசாமல் விட்டுவிடுவது, வீட்டுக்குள் ஏற்றுக்கொள்வது. நான் நான்காவதன் பக்கம். அது சுலபமான வழி இல்லை. ஆனால் மற்ற மூன்றும், அவற்றை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதையே கொடுப்பதில்லை.

முதலில் அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த நேர்மையான பதில்.

1991-ல் சைமன் லெவே என்ற மூளை ஆய்வாளர், இறந்துபோன ஆண்களின் மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதியை அளந்து பார்த்தார். அதில் உள்ள ஒரு சின்ன நரம்புத் திரள், தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களுக்குச் சிறிதாக இருந்தது. அவர்களில் பலர் எய்ட்ஸில் இறந்தவர்கள் என்பதால், அது நோயின் விளைவாக இருக்குமோ என்ற சந்தேகமும் கூடவே எழுந்தது. 1993-ல் டீன் ஹேமர், எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனையில் ஏதோ தொடர்பு தெரிகிறது என்றார். பத்திரிகைகள் உடனே 'அதற்கான மரபணு கிடைத்துவிட்டது' என்று எழுதிவிட்டன. கிடைக்கவில்லை. 2019-ல் 4,70,000-க்கும் அதிகமானவர்களின் மரபணுத் தகவலை அலசிய பெரிய ஆய்வு வெளியானது. தெளிவான தொடர்புள்ள இடங்களாக அது கண்டது ஐந்துதான். எல்லா மரபணு வேறுபாடுகளையும் சேர்த்துப் பார்த்தாலும், மனிதர்களுக்கிடையே இந்த விஷயத்தில் இருக்கும் வித்தியாசத்தில் 8 முதல் 25 சதவீதம் வரைதான் விளங்கியது. இதுதான் காரணம் என்று விரல் வைத்துக் காட்ட ஒற்றை மரபணு எதுவும் இல்லை.

இந்த இடத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். "ஜீன் இல்லையா, அப்ப பழக்கம்தானே?" என்கிறார்கள். ஜீன் ஒன்று, சொந்த விருப்பம் ஒன்று, வேறு எதுவுமே கிடையாது என்று நினைப்பதால் வரும் முடிவு இது. கருப்பைக்குள் நடப்பது ஒன்று இருக்கிறது. அது ஜீனும் இல்லை, யாருடைய விருப்பமும் இல்லை.

கனடாவைச் சேர்ந்த பிளான்சார்ட், போகார்ட் என்ற இருவரும் 1996-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒருவனுக்கு எத்தனை அண்ணன்கள் இருக்கிறார்களோ, அந்த அளவுக்கு அவன் தன்பால் ஈர்ப்புள்ளவனாக இருக்கும் வாய்ப்பு ஏறுகிறது. ஓர் அண்ணனுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். தொடக்கமே சின்ன எண் என்பதால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. முதல் பையனுக்கு 100-ல் 2 என்று வைத்தால், மூன்று அண்ணன்கள் உள்ளவனுக்கும் 5-ஐத் தொடாது. முக்கியமான விஷயம் 2006-ல் தெரிந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்கள் மட்டும்தான் கணக்கில் வருகிறார்கள். தத்து வந்த அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்தால் எந்த மாற்றமும் இல்லை. தாயோடு பிறந்த அண்ணன் வேறு வீட்டில் வளர்ந்திருந்தாலும் விளைவு இருக்கிறது. அப்படியானால் காரணம் வீட்டில் இல்லை, கருப்பையில் இருக்கிறது. 2017-ல் அதே குழு இன்னொரு அடி போனது. ஆண் குழந்தையைச் சுமக்கும்போது, ஆண்களுக்கே உரிய ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. அண்ணன்களுக்குப் பிறகு தன்பால் ஈர்ப்புள்ள மகனைப் பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில் அது அதிகமாக இருந்தது. எல்லோருக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. மூத்த பிள்ளைகளிலும், ஒற்றைப் பிள்ளைகளிலும் தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் நிறையப் பேர்.

இரட்டையர் விஷயத்தையும் கேட்பார்கள். 1991-ல் நடந்த ஆய்வில், உருவம் ஒத்த இரட்டையரில் ஒருவர் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்றால் மற்றவரும் அப்படியே இருந்தது 52 சதவீதம். விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்த ஆய்வு அது. பின்னால் ஆஸ்திரேலியாவில் இரட்டையர் பதிவேட்டிலிருந்து ஆட்களை எடுத்துப் பார்த்தபோது, ஆண்களில் 20 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே ஜீன் இருந்தும் இருவர் வேறுவேறாக இருக்கிறார்களே, அப்படியானால் இது விருப்பம்தானே என்று இதைக் காட்டி வாதிடுகிறார்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஒரே தாய்மரத்தில் எடுத்த ஒட்டுக்கன்று இரண்டை நட்டால் ஒன்று ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் வளரும். அந்த மரம் அப்படி வளர முடிவெடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, வளர்ப்பு? அம்மா செல்லம் கொடுத்ததால், அப்பா கண்டிப்பாக இருந்ததால் என்று அந்தக் காலத்து மனநல மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழி இன்னும் பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது, அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வளர்ப்பு வாதத்தை அசைத்த ஆதாரம் ஒன்று உண்டு. பிறவிக் கோளாறாலோ விபத்தாலோ ஆணுறுப்பு இல்லாமல் போன ஆண் குழந்தைகளை, அறுவை சிகிச்சை செய்து பெண்ணாகவே வளர்த்த காலம் ஒன்று இருந்தது. வளர்ந்த பிறகு அவர்களின் ஈர்ப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்த ஏழு பேரைப் பற்றி, 2016-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு பேசுகிறது. ஏழு பேருக்குமே ஈர்ப்பு பெண்கள்மேல்தான். பாவாடை கட்டி, பெண் பெயர் வைத்து, சுற்றியிருந்த அத்தனை பேரும் பெண் என்றே நடத்தியும் அந்த ஈர்ப்பை மாற்ற முடியவில்லை.

நம் மாவட்டங்களில் அடுத்த சந்தேகம் ஹாஸ்டல். பிளஸ் டூ மார்க்குக்காகப் பையனை விடுதிப் பள்ளியில் சேர்க்காத குடும்பம் இங்கே குறைவு. "அங்கதான் கெட்டுப்போனான்" என்பார்கள். 1990 வாக்கில் பிரிட்டனில் நடந்த பெரிய கணக்கெடுப்பில் விடுதிப் பள்ளியில் படித்த ஆண்களில், அந்த வயதில் ஆணோடு ஏதாவது அனுபவம் இருந்ததாகச் சொன்னவர்கள் அதிகம்தான். ஆனால் பிற்கால வாழ்க்கையில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஹாஸ்டல் வாய்ப்பைக் கொடுக்கலாம், ஈர்ப்பைக் கொடுப்பதில்லை.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். அமெரிக்காவில் சார்லஸ் ரோசெல்லி என்பவர் செம்மறிக் கிடாக்களை வருடக்கணக்காக ஆராய்ந்தார். நூற்றுக்கு எட்டு கிடாக்கள், பெட்டை பக்கத்திலேயே நின்றாலும் கிடாவையே நாடின. அவற்றின் மூளையிலும் ஹைபோதலாமஸை ஒட்டிய ஒரு திரள் சிறிதாக இருந்தது. கிடாவுக்கு ஹாஸ்டலும் இல்லை, சினிமாவும் இல்லை, கெட்ட சகவாசமும் இல்லை.

என் முடிவு இது. எந்த வழியாக வருகிறது என்பது முழுக்க விளங்கவில்லை. ஆனால் யாரும் தேர்ந்தெடுத்து வருவதில்லை என்பதற்கு ஆதாரம் போதுமான அளவு இருக்கிறது. தேர்வு என்று ஒன்று இருந்தால், அது வீட்டார் கையில்தான் இருக்கிறது.

இப்போது வழிகள்.

வைத்தியம் என்று வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஹார்மோன் ஊசி. ஆண்மை குறைந்ததால் இப்படி என்று நினைக்கிறார்கள். இந்த ஆண்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மற்ற ஆண்களுக்கு இருக்கும் அளவில்தான் இருக்கும். அதை வெளியிலிருந்து ஏற்றினால் ஆசை கூடலாம், ஆசையின் திசை மாறாது. விந்தணு உற்பத்தி வேறு குறைந்துபோகும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் 'ரகசிய வியாதி' நோட்டீஸ்காரர்களும், மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டுப் பார்க்கும் வைத்தியர்களும் இந்தப் பயத்தில்தான் காசு பார்க்கிறார்கள். மந்திரிப்பது, தாயத்து, குறி கேட்பது எல்லாம் இதற்கு அடுத்த கட்டம்.

படித்த டாக்டர்களும் ஒரு காலத்தில் முயன்றார்கள். ஆண் படத்தைக் காட்டி கரண்ட் ஷாக் கொடுத்த சிகிச்சைகூட நடந்தது. பலன் இல்லை. இதை மாற்ற முடியும் என்று சொன்ன ஆய்வுகளில் பெயர்பெற்றது, அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் 2003-ல் வெளியிட்டது. 2012-ல் அவரே அந்த ஆய்வு செல்லாது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஜெபத்தாலும் ஆலோசனையாலும் மாற்றுகிறோம் என்று அங்கே பல பத்தாண்டுகள் நடந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2013-ல் மூடப்பட்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அதற்கு முந்தைய வருடமே ஒத்துக்கொண்டார். அங்கே போனவர்கள் மாறியே தீர வேண்டும் என்று தாங்களே துடித்தவர்கள். மனது வைத்தால் மாறலாம் என்பது உண்மையாக இருந்தால், அவர்களுக்கு நடந்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது நோய் அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. 2021 ஜூன் 7-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு, 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பது தொழில் ஒழுக்கக்கேடு என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அந்த வழக்கில் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். தனக்கே இதில் முழுத் தெளிவு இல்லை என்று நீதிபதி திறந்து சொன்னார். ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பேசிப் புரிந்துகொண்டு, அதன் பிறகுதான் உத்தரவை எழுதினார். பெற்ற தகப்பன் ஒருவர் அந்த அளவுக்கு மெனக்கெட்டாலே போதும்.

பையனுக்குத் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் கட்டாயம் கூட்டிப் போங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பெங்களூர் நிமான்ஸ் இருக்கிறது. அது மனச்சோர்வுக்கான வைத்தியம். ஈர்ப்புக்கானது இல்லை.

கல்யாணம் செய்துவைப்பதுதான் நான்கில் மோசமானது. மற்ற வழிகளில் அடிபடுவது உங்கள் பையன். இதில் ஒன்றுமே தெரியாத ஒரு பெண் அடிபடுகிறாள். நம் பக்கத்தில் அவள் பெரும்பாலும் அந்நியப் பெண்ணும் இல்லை. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டிக்கொடுப்பது இன்னும் நடக்கிற ஊர் இது. 'வெளியே தெரியாமல் சொந்தத்துக்குள்ளேயே முடித்துவிடலாம்' என்ற யோசனை முதலில் அங்கேதான் போகும். பிறகு உடைந்தால், உங்கள் அக்கா வீடும் சேர்ந்தே உடையும்.

'ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்' என்பார்கள். குழந்தை பெற்ற தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஈர்ப்பு மாறவில்லை, மறைக்க வேண்டியது மட்டும் கூடியிருக்கிறது. இன்ன ஊரில் இன்னார் கல்யாணத்துக்குப் பிறகு மாறிவிட்டார் என்ற கதையும் வரும். ஆண், பெண் இருவர்மேலும் ஈர்ப்புள்ளவர்கள் உண்டு. அந்த ஆள் மாறவில்லை, முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருப்பார். உங்கள் பையன் பெண்கள்மேல் நாட்டமே இல்லை என்று சொல்லியிருக்கும்போது, அந்தக் கதையை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பந்தயம் வைக்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை நான் இந்தக் கவுன்டரில் நின்று பார்த்திருக்கிறேன். கணவன் தொடவில்லை என்பதை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. குழந்தை இல்லை என்ற பேச்சு மட்டும் அவள்மேல் வரும். சேலத்துக்குக் கூட்டிப்போய் அவளுக்குத்தான் டெஸ்ட் எடுப்பார்கள், அவள்தான் மாத்திரை சாப்பிடுவாள். அந்தக் கல்யாணம் சட்டப்படியும் உறுதியானது இல்லை. முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கினால், மோசடி என்று சொல்லித் திருமணத்தை ரத்துசெய்ய இந்து திருமணச் சட்டம் 12-வது பிரிவு இடம் கொடுக்கிறது. மோசடி தெரியவந்த ஒரு வருடத்துக்குள் அவள் மனு போடலாம். எதைக் காப்பாற்ற இந்தக் கல்யாணமோ, அந்த மானம் அப்போது கோர்ட் வாசலில் நிற்கும்.

மூன்றாவது வழிதான் அதிகம் பேர் எடுப்பது. ஓசூர் தாண்டினால் பெங்களூர் ஒரு மணி நேரம். 'அங்கேயே இரு, எங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.' அடியும் இல்லை, கட்டாயமும் இல்லை என்பதால் முதல் இரண்டைவிட இது எவ்வளவோ மேல். மிரட்டல் உள்ள வீட்டுப் பையனுக்கு, வெளியூர் போவது உயிர் காக்கும் வழியாகக்கூட இருக்கும்.

ஆனால் இந்த மௌனத்தில் ஓர் ஆபத்து உண்டு, அது பெற்றோர் கண்ணுக்குப் படுவதில்லை. செல்போன் ஆப்பில் பழகுவதுபோல் பேசி வரவழைத்து, படம் எடுத்து, 'உங்க வீட்டுக்குச் சொல்லிடுவேன்' என்று பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. அந்த மிரட்டல் பலிப்பது வீட்டுக்குத் தெரியாது என்பதால்தான். வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால், அவன் போலீசுக்குப் போகத் துணிவான். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றம் இல்லை. அங்கே குற்றவாளி, பணம் பறிப்பவன்தான். ஒளிந்து வாழ்கிறவன் ரத்தப் பரிசோதனைக்குப் போகவும் பயப்படுவான். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. இதையெல்லாம் அவனிடம் சொல்ல வீட்டில் ஒருவராவது வேண்டும்.

ஏற்றுக்கொள்வது என்றதும் ஊருக்கே மைக் போட்டுச் சொல்ல வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. அவனைக் கேட்காமல் சித்தப்பாவிடமும் சொல்லக் கூடாது. வீட்டில் நடக்க வேண்டியது கொஞ்சம்தான். பெண் பார்ப்பதை நிறுத்துவது, அம்மா சாப்பாடு போடும்போது முகத்தைப் பார்த்துப் பேசுவது, பண்டிகைக்கு வரச் சொல்வது.

'இனிமே புடவை கட்டிக்குவானா?' என்று ஓர் அம்மா அழுதுகொண்டே கேட்டார். தன்னைப் பெண்ணாக உணர்வது வேறு, ஆணாகவே இருந்துகொண்டு ஆண்கள்மேல் ஈர்ப்பு வருவது வேறு. நம் ஊர்க் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிறவர் விடிந்ததும் வேஷம் கலைத்து, பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் போகிறார். நடை, உடையை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

இந்த வழிக்கும் விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். தங்கைக்கு வரன் பார்க்கும்போது, 'அண்ணனுக்கு ஏன் இன்னும் ஆகல?' என்று கேட்பார்கள். பேரன் இல்லை என்ற ஏக்கம் இருக்கும், அது நியாயமான ஏக்கம்தான். பல நாடுகளில் எடுத்த கணக்குகளில், ஆண்களில் 100-க்கு 2 முதல் 4 பேர் இப்படி இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் 15 லட்சம் பேர் உள்ள தருமபுரி மாவட்டத்தில் மட்டுமே ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள். அத்தனை வீடுகளும் தனித்தனியாக, தங்களுக்கு மட்டும்தான் இப்படி நேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன.

'எங்க காலத்துக்கப்புறம் அவனுக்கு யாரு?' என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. அதற்குக் கையில் எடுத்துச் செய்யக்கூடியவை இருக்கின்றன. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவரின் திருமணத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அதனால் துணைவன் என்று ஒருவன் வந்தாலும் வாரிசுரிமை தானாக வராது. உயில் எழுத வேண்டும், நாமினி போட வேண்டும். துணைவரோடு கூட்டுக் கணக்கு தொடங்கவும், அவரை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி இல்லை என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றமும் சொன்னது. அண்ணன் தம்பிக்குள் நிலம் பிரிக்கும்போது, 'இவனுக்குத்தான் குடும்பம் இல்லையே' என்று சொல்லி இவன் பங்கைக் குறைக்கும் பேச்சு வரும். நீங்கள் இருக்கும்போதே பத்திரத்தில் சரிசெய்துவிடுங்கள்.

தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள, சென்னையைச் சேர்ந்த ஓரினம் குழு நிறைய எழுதி வைத்திருக்கிறது. பையனோ நீங்களோ மனம் உடைந்து தாங்க முடியாத நிலையில் இருந்தால் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம்.

ஏற்றுக்கொள்ள உங்களுக்கு வருடங்கள் ஆகலாம், அதற்கு அவனும் பொறுப்பான். ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏதாவது பெண் வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தால், பூ வைக்க நாள் குறித்திருந்தால், இந்த வாரமே போய் நிறுத்திவிடுங்கள். பெண்மேல் எந்தக் குறையும் இல்லை என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். 'பையனுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை, எங்கள் பக்கம்தான் தவறு' என்பதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. தட்டு மாற்றிய செலவு அவர்களுடையது ஏதாவது இருந்தால், அதையும் கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.